நீலக் குழந்தைகள் வளர்ந்த கதை

மலர்க் குழு நண்பர்கள் போன் செய்து, "இந்த வருஷ சங்கமத்துக்கு நீ ஒரு கட்டுரை தரணும், வரலாறு சம்பந்தமா இருந்தா நல்லது" என்று கேட்டார்கள். மெக்கானிக்கல் படித்தவனிடம் வரலாறா என்று முதலில் சிரித்துவிட்டேன். சோழர் காலமும் பல்லவர் காலமும் எழுத நம்மில் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். மாமல்லபுரத்தை இத்தனை பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் என்னத்தைப் புதிதாகச் சொல்லிவிடப் போகிறேன்? ஆனால் யோசித்துப் பார்த்ததில், எனக்கு நன்றாகத் தெரிந்த வரலாறு ஒன்று உண்டு. அது என் நெஞ்சின் நடுவே, மேலிருந்து கீழாக, ஒரு சாண் நீளத்துக்கு எழுதப்பட்டிருக்கிறது. நாலு வருடம் ஹாஸ்டலில் ஒன்றாக இருந்த நண்பர்களுக்குக்கூட நான் சொல்லாத அந்த வரலாற்றை இந்த மலரில் சொல்லிவிடுகிறேன்.

படியில் குந்திய பையன்

எனக்குச் சொந்த ஊர் திருக்கழுக்குன்றம். வேதகிரீஸ்வரர் மலையடிவாரத்தில் அப்பாவுக்குத் தேங்காய், பூ, கற்பூரக் கடை. மலைக்கு ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். அந்தக் காலத்தில் உச்சிவேளையில் கழுகுக்குச் சோறு வைப்பதைப் பார்க்க வெளியூர் ஜனங்கள் வேனில் வந்து இறங்குவார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் அவர்களோடு போட்டி போட்டுக்கொண்டு ஏறுவார்கள். நான் மட்டும் பத்துப் படி ஏறுவேன், குந்திவிடுவேன். மறுபடி பத்துப் படி, மறுபடி குந்துவேன். "ஏன்டா இப்படிக் குந்திக் குந்தி வர்றே, சோம்பேறிப் பயலே" என்று ஆயா திட்டும். என் உதடும் நகமும் நாவற்பழம் தின்றவன் மாதிரி இருக்கும். "குளிர்ச்சி உடம்பு" என்று மிளகு ரசம் வைத்துக் கொடுப்பார்கள்.

செங்கல்பட்டில் ஒரு டாக்டர்தான் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "இவன் சோம்பேறி இல்லம்மா. இவன் குந்துறது இவனுக்கே தெரியாம செய்துக்கிற வைத்தியம்" என்றாராம். அம்மா இன்றைக்கும் அந்த வாக்கியத்தைச் சொல்லிக் கண் கலங்குவார்.

எனக்கு இருந்தது 'டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ' என்னும் பிறவி இதயக் கோளாறு. ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் எட்டு ஒன்பது குழந்தைகளுக்கு இதயத்தில் ஏதோ ஒரு பிறவிக் குறை இருக்கும். உடம்பு நீலம் பாரிக்கும் வகைகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது இதுதான். நாலு குறைகள் சேர்ந்தது. கீழறைகள் இரண்டுக்கும் நடுச்சுவரில் ஓட்டை. நுரையீரலுக்குப் போகும் பாதையில் அடைசல். உடம்புக்குப் போகும் பெருந்தமனி அந்த ஓட்டையின் தலைமேல் நகர்ந்து நிற்பது. அடைசலை எதிர்த்து அடித்து அடித்து வலது கீழறைச் சுவர் தடித்துப் போவது.

நம் பாஷையில் சொன்னால் ஹைட்ராலிக்ஸ்தான். ஒரு பம்ப், இரண்டு வழி. நுரையீரல் வழி குறுகல், உடம்பு வழி தாராளம். அதனால் பிராணவாயு ஏறாத நீல இரத்தம் ஓட்டை வழியாக உடம்புக்கே ஓடிவிடும். காலை மடக்கிக் குந்தினால் கால் தமனிகள் அழுந்தி உடம்பு வழியின் தடை கூடுகிறது. ஒரு குழாயைக் கொஞ்சம் திருகி மூடினால் மற்ற குழாயில் தண்ணீர் ஏறுமே, அதேபோல இரத்தம் நுரையீரல் பக்கம் திரும்புகிறது. நாலு வயசுப் பையன் எந்தப் பாடமும் படிக்காமல் இதைக் கண்டுபிடித்துக்கொள்கிறான் என்பதை நினைத்தால் ஆச்சரியம்தான்!

ஆபரேஷன் செய்யாவிட்டால் என்ன ஆகும்? பழைய கணக்குகளின்படி நூறு குழந்தைகளில் ஏறக்குறைய எழுபது பேர் பத்து வயதைத் தாண்டுவதில்லை. நாற்பதைத் தொடுபவர் ஐந்து பேர்தான்.

ஒரு டாக்டரம்மா, ஒரு சர்ஜன், ஒரு தச்சர் மகன்

1671-லேயே டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்டென்சன் இந்த இதயத்தை வர்ணித்திருக்கிறார். 1888-ல் பிரான்சின் மார்செய் நகர டாக்டர் ஃபாலோ 'நீல நோய்' என்று எழுதி, நாலு குறைகளும் ஒன்றாக வருவதைத் தெளிவாக்கினார். பெயர் வைத்தாகிவிட்டது; வைத்தியம் மட்டும் இல்லை. இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் டாக்டர்கள் கையைப் பிசைந்துகொண்டுதான் நின்றார்கள்.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் ஹெலன் டாசிக் என்னும் குழந்தை டாக்டர் இருந்தார். அவருக்குக் காது மந்தம். ஸ்டெதஸ்கோப்புக்குப் பதிலாக விரல்களை நெஞ்சில் வைத்தே இதயத்தை அறிந்தவர். நுரையீரலுக்கு இன்னொரு குழாய் இழுத்துக் கொடுத்தால் இந்தக் குழந்தைகள் பிழைப்பார்கள் என்பது அவருடைய யோசனை. சர்ஜன் ஆல்ஃபிரட் பிளேலாக் ஒப்புக்கொண்டார். அதை ஆய்வுக்கூடத்தில் நாய்களிடம் செய்து செய்து முறையாக்கியவர் விவியன் தாமஸ். தச்சரின் மகன், கறுப்பினத்தவர், கல்லூரிப் படிப்பு இல்லாதவர். சம்பளப் பட்டியலில் அவரைத் துப்புரவுத் தொழிலாளி வரிசையில்தான் வைத்திருந்தார்கள். 1944 நவம்பர் 29-ந் தேதி, ஒன்றேகால் வயதுப் பெண் குழந்தைக்கு முதல் ஆபரேஷன் நடந்தபோது, பிளேலாக்கின் பின்னால் ஒரு ஸ்டூலில் ஏறி நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார் தாமஸ். 1976-ல்தான் அதே நிறுவனம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. பட்டறையில் கை தேய்ந்தவர்களின் அருமை தெரிந்த நாம் இந்த மனிதரை மறக்கக்கூடாது.

இது ஓட்டையை மூடவில்லை, அடைசலை எடுக்கவில்லை. ஒரு பைபாஸ் ரோடுதான். இதயத்தைத் திறந்து சரிசெய்ய வேண்டுமானால், அது நிற்கும் நேரத்தில் வேறு யாராவது இரத்தத்தைச் சுற்றிவிட வேண்டும். 1954-ல் மினசோட்டாவில் வால்டன் லில்லஹை அதற்கு ஒரு துணிச்சலான வழி கண்டார். இன்னொரு மனிதரைப் பக்கத்து மேசையில் படுக்க வைத்து, அவருடைய இதயத்தையும் நுரையீரலையும் குழந்தைக்கும் சேர்த்து வேலை வாங்கினார்! பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோ படுப்பார்கள். 1954 ஆகஸ்ட் 31-ந் தேதி ஃபாலோ கோளாறுள்ள ஒரு பையனுக்கு உலகின் முதல் முழுத் திருத்தம் நடந்தது. அவனுக்கு அபூர்வ இரத்த வகை. உறவே இல்லாத ஒரு சாலைப் பணியாளர் வந்து படுத்தார். மொத்தம் 45 பேருக்கு இந்த முறையில் ஆபரேஷன் நடந்தது. பக்கத்து மேசையில் படுத்தவர்களில் ஒருவரும் சாகவில்லை. மறு வருடமே மேயோ கிளினிக்கில் ஜான் கிர்க்லின் இதய-நுரையீரல் இயந்திரத்தை வைத்துச் செய்ய ஆரம்பித்தார். மனிதர் செய்த வேலையை மெஷின் எடுத்துக்கொண்டது.

நம்ம ஊருக்கு வந்த விதம்

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே நம் வேலூரிலும் வேலை ஆரம்பித்துவிட்டது என்பது நமக்குப் பெருமை. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் தொடங்கிய மருத்துவமனைதான் சி.எம்.சி. அங்கே 1940-களின் கடைசியில் அமெரிக்க சர்ஜன் ரீவ் பெட்ஸ் நெஞ்சறுவைத் துறையைத் தொடங்கி நம்மவர்களைப் பழக்கினார். அங்கே பணிபுரிந்த டாக்டர் என். கோபிநாத், 1962-ல் இந்தியாவில் வெற்றிகரமான திறந்த இதய அறுவையைச் செய்தவர் என்று போற்றப்படுகிறார். சென்னையில் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம். செரியன் 1975-ல் நாட்டின் முதல் கரோனரி பைபாஸ் செய்தார். 1987-ல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் இதய மருத்துவமனை தொடங்கவும் அவரே காரணமானார். 2025 ஜனவரியில் அவர் காலமானபோது, அவரிடம் நேரில் வைத்தியம் பார்க்காத நானும் ஒரு நிமிடம் கைகூப்பினேன்.

இப்படி வழி போட்டு வைத்திருந்ததால்தான், 1993-ல், ஐந்து வயதில், சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு ஆபரேஷன் நடந்தது. அம்மாவின் நகையும், கடைக்கு முன்பணமாக வைத்திருந்ததும் அதோடு போயின. ஓட்டைக்கு ஒட்டு வைத்து மூடி, அடைசலை வெட்டி, வாசலை அகலப்படுத்த இன்னொரு ஒட்டுப் போட்டு அனுப்பினார்கள். மூன்றாம் மாதம் மலை ஏறினேன். ஒரு படியிலும் குந்தவில்லை. ஆயா ஒவ்வொரு படிக்கும் கற்பூரம் வைத்துக்கொண்டே வந்தது.

கணக்கு பார்த்தவர்கள்

நம் ஊர் சங்கு தீர்த்தக் குளத்தில் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை சங்கு பிறக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் தெருப் பெரியவர்கள் வயதையே "மூணு சங்கு பார்த்தவன், நாலு சங்கு பார்த்தவன்" என்றுதான் சொல்வார்கள். இதய ஆபரேஷனின் வரலாற்றையும் அப்படித்தான் எண்ண வேண்டும் என்பது என் கருத்து. முதல் சங்குவரை எல்லாம் வெற்றி. இரண்டாவது, மூன்றாவது சங்கில்தான் உண்மை தெரிகிறது.

இதைக் கண்டறிந்தவர்கள், ஆபரேஷன் முடிந்த பிள்ளைகளை விடாமல் பின்தொடர்ந்தவர்கள். டாசிக் அம்மையார் 1963-ல் ஓய்வுபெற்ற பிறகும் தம் பழைய குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்து எழுதிக்கொண்டே இருந்தார். 1993-ல், நான் ஆபரேஷன் மேசையில் படுத்த அதே வருடம், மேயோ கிளினிக்காரர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 1955 முதல் 1960 வரை ஃபாலோ ஆபரேஷன் ஆகி முதல் மாதத்தைத் தாண்டிய 163 பேரில், 32 வருடம் கழித்து உயிரோடு இருப்பவர் 86 சதவீதம். அதே வயதுச் சாதாரண ஜனங்களில் 96 சதவீதம். நாற்பதைத் தொடுபவர் நூற்றுக்கு ஐந்து என்றிருந்த நோயில் இது எவ்வளவு பெரிய சாதனை! ஆனால் அந்தப் பத்து சதவீத இடைவெளியையும் கவனியுங்கள்.

1997-ல் ஜெர்மனியின் மியூனிக்கிலிருந்து 490 பேரின் கணக்கு வந்தது. 36 வருடத்துக்குப் பின் 85 சதவீதம் பேர் இருக்கிறார்கள். ஆனால் அதில் ஒரு விஷயம் தூக்கிவாரிப் போட்டது. முதல் 25 வருடம் ஆண்டுக்கு ஆயிரத்தில் இரண்டு மூன்று பேர் என்றிருந்த மரணம், அதற்குப் பிறகு ஆயிரத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏறியது. மூன்றாவது சங்கு!

காரணம் என்ன? வாசலை அகலப்படுத்தும்போது அங்கிருந்த வால்வு பல பேருக்குப் பயனற்றுப் போகிறது. ஒரு பம்பின் வால்வு சரியாக மூடாமல் போனால் என்ன ஆகும்? தள்ளிய தண்ணீரில் ஒரு பகுதி திரும்பப் பம்புக்கே வரும். பம்ப் ஓடும், நமக்கும் தண்ணீர் வரும். ஆனால் பம்புக்கு வேலை கூடுதல். அதுபோல நுரையீரலுக்குத் தள்ளிய இரத்தம் வலது கீழறைக்கே திரும்புகிறது. 'இது ஒன்றும் செய்யாது' என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். இருபது முப்பது வருடத்தில் அந்த அறை பலூன் மாதிரி விரிகிறது. விரிந்த சுவரில் மின்னோட்டம் தாமதமாகிறது. இ.சி.ஜி.யில் ஒரு துடிப்பின் முக்கிய அலை 180 மில்லி செகண்டுக்கு மேல் அகலமானவர்களுக்கு ஆபத்தான படபடப்பும் திடீர் மரணமும் வரக்கூடும் என்று 1995-ல் லண்டனில் கட்சூலிஸ் குழுவினர் கண்டுபிடித்தார்கள்.

இதில் என் மனதைத் தொட்டது ஒன்று. இந்தக் கணக்குகள் வந்த பிறகு ஆபரேஷனே மாறியது. இப்போது சர்ஜன்கள் இயன்றவரை வால்வைக் காப்பாற்றுகிறார்கள், ஒட்டைச் சின்னதாகப் போடுகிறார்கள். 2000-ல் பாரிசில் பான்ஹோஃபர் என்னும் டாக்டர் நெஞ்சைத் திறக்காமல் இரத்தக் குழாய் வழியாகவே புது வால்வைக் கொண்டுபோய் வைத்துக் காட்டினார். இரத்தக் குழாய்கள் இரண்டும் இடம் மாறிப் பிறக்கும் குழந்தைகளுக்கும் இதே கதைதான். 1959-ல் சென்னிங், 1963-ல் மஸ்டர்டு ஆகியோர் மேலறைகளில் இரத்தத்தைத் திசை திருப்பிப் பிழைக்க வைத்தார்கள். உடம்பு முழுக்கத் தள்ளும் வேலையை வலது கீழறை தலையில் கட்டியதால், வளர்ந்த பிறகு அது களைத்தது. ஆகவே பிரேசிலின் ஜாட்டேனி 1975-ல் செய்துகாட்டிய, குழாய்களையே இடம் மாற்றும் ஆபரேஷன் அதன் இடத்தைப் பிடித்தது.

நம் பாஷையில் இது ஃபீல்டு ரிப்போர்ட். தொழிற்சாலையை விட்டுப் போன இயந்திரம் இருபது வருடம் ஓடி எங்கே தேய்ந்தது என்று தெரிந்தால்தான் அடுத்த டிசைன் சரியாகும். திரும்பி வந்து நெஞ்சைக் காட்டிய அந்த 163 பேரும், 490 பேரும்தான் இன்று பிறக்கும் குழந்தைக்கு நல்ல ஆபரேஷனைக் கொடுத்தவர்கள். டாக்டர்கள் பெயர் வரலாற்றில் இருக்கிறது. இவர்கள் பெயர் இல்லை.

திரும்பி வராதவன்

நான் அந்தக் கணக்கில் இல்லாதவன். பதினைந்து வயதுவரை அம்மா வருடா வருடம் கூட்டிக்கொண்டு போனார். பத்தாம் வகுப்புப் பரீட்சை, அப்புறம் பிளஸ் டூ, அப்புறம் கல்லூரி. "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கும்மா?" என்றேன். விட்டுவிட்டோம்.

ஹாஸ்டலில் நான் சட்டையைக் கழற்றாமல் குளிக்கப் போனதை நண்பர்கள் கேலி செய்ததுண்டு. ஒருநாள் என் அறை நண்பன் தழும்பைப் பார்த்துவிட்டு, "என்னடா மச்சான் இது, ஜிப் வச்ச மாதிரி?" என்றான். பைக் ஆக்சிடெண்ட் என்று கூசாமல் பொய் சொன்னேன். 2008 ஸ்போர்ட்ஸ் டேயில் 1500 மீட்டரில் மூன்றாவது ரவுண்டில் மைதானத்தில் உட்கார்ந்தேன். பிராக்டீஸ் போதவில்லை என்று நானே சொல்லிக்கொண்டேன். படிப்பு, வேலை, கல்யாணம், குழந்தை... ஓட்டம் ஓடிக்கொண்டே இருந்தது.

2022 சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது மகளைத் தோளில் வைத்துக்கொண்டு மலை ஏறினேன். பாதி மலையில் நெஞ்சு தறிகெட்டு அடித்தது, கண் இருட்டியது. அவளை இறக்கிவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தேன். "ஏம்ப்பா குந்திட்டே?" என்று கேட்டாள். அந்த வார்த்தை எனக்கு ஆயாவின் குரலில் கேட்டது.

மறு வாரம் டாக்டரிடம் போனேன். இ.சி.ஜி., எக்கோ, எம்.ஆர்.ஐ. எல்லாம் பார்த்துவிட்டு, "பத்தொன்பது வருஷமா எங்க போயிருந்தீங்க?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் சுட்டது. வலது அறை வெகுவாக விரிந்திருந்தது. அலையின் அகலம் 170-ஐத் தாண்டியிருந்தது. பழைய பேப்பர் ஏதாவது உண்டா என்று கேட்டார். அம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்தார். ரேஷன் கார்டு, நிலப் பத்திரத்தோடு என் 1993 டிஸ்சார்ஜ் தாளும் இருந்தது. டைப் அடித்த எழுத்து மங்கிவிட்டது. கடைசி வரி மட்டும் பேனாவில் எழுதியது. நன்றாகப் படிக்க முடிந்தது. 'வருடம் ஒருமுறை அவசியம் வரவும்.'

யாரைக் குற்றம் சொல்ல? எழுதித்தான் கொடுத்திருக்கிறார்கள். 'ஆபரேஷன் ஆகிவிட்டது' என்பதையே 'குணமாகிவிட்டது' என்று நாங்கள் படித்துக்கொண்டோம்.

2023-ல் மறுபடி நெஞ்சைத் திறந்து புது வால்வு பொருத்தினார்கள். திசு வால்வு; பத்துப் பதினைந்து வருடத்தில் அதையும் மாற்ற வேண்டி வரலாம். அதாவது, அடுத்த சங்குக்கு! இந்த முறை நான் தேதியை மறக்க மாட்டேன்.

சங்கமத்துக்கு வருகிறவர்களுக்கு

பிறவி இதயக் கோளாறோடு வளர்ந்த பெரியவர்களுக்கென்றே 1975-ல் லண்டனில் ஜேன் சோமர்வில் அம்மையார் தனி வார்டு தொடங்கினார். மேல்நாடுகளில் இன்று இந்தக் கோளாறுள்ள குழந்தைகளைவிடப் பெரியவர்கள்தான் அதிகம். நம் நாட்டிலும் அந்தக் காலம் வந்துகொண்டிருக்கிறது. தமிழகத்தில் 2009-ல் வந்த அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2012-ல் வந்த முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம், 2013-ல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம் ஆகியவற்றால், நகையை அடகு வைக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளும் ஆபரேஷன் ஆகி வளர்கிறார்கள். அவர்களில் சிலர் இப்போது நம் கல்லூரி வகுப்பறைகளிலேயே உட்கார்ந்திருக்கலாம், என்னை மாதிரி மேல் பட்டனையும் போட்டுக்கொண்டு.

தம்பி, தங்கைகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். தழும்பு வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. வீட்டில் உள்ள பழைய தாளைத் தேடி எடுத்து இரண்டு பிரதி போட்டு வையுங்கள். நன்றாக இருக்கும்போதே வருடம் ஒருமுறை இதய டாக்டரைப் பாருங்கள். பிறவிக் கோளாறு பார்த்துப் பழகியவராக இருந்தால் நல்லது. பல் சுத்தம் முக்கியம். பல் பிடுங்கும் முன் உங்கள் இதயக் கதையை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு முன்கூட்டியே மருந்து தேவைப்படும். பெண்கள் குழந்தை பெற்றுக்கொள்ளும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். படபடப்போ மயக்கமோ வந்தால் 'பிராக்டீஸ் போதவில்லை' என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, என் அறை நண்பனுக்கு. நீ சங்கமத்துக்கு வருவாய் என்று கேள்விப்பட்டேன். மச்சான், அது பைக் ஆக்சிடெண்ட் இல்லடா. நேரில் வா, முழுக் கதையும் சொல்கிறேன். மறுநாள் காலை முடிந்தால் எங்கள் ஊருக்குப் போய் மலை ஏறுவோம். மெதுவாகத்தான் ஏறுவேன். வழியில் எங்கேயாவது உட்கார்ந்தால் நீயும் பக்கத்தில் உட்கார்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!

— ஒரு முன்னாள் மாணவன், இயந்திரவியல் பிரிவு (2006–2010)